அத்தையின் காலண்டர்

எங்கள் வீட்டுச் சமையல் அறையில், அரிசி டப்பாவுக்கு மேலே, ஒரு மாதக் காலண்டர் தொங்குகிறது. பொங்கலுக்கு மளிகைக் கடையில் இனாமாகக் கிடைத்தது. அதில் கை வைக்க என் கணவருக்கும் எனக்கும் உரிமை கிடையாது. அது முழுக்க முழுக்க என் மாமியாரின் ராஜ்யம். பால் பாக்கெட் வராத நாளுக்குப் பெருக்கல் குறி. காஸ் சிலிண்டர் மாற்றிய நாளுக்கு 'சி'. தண்ணீர் வராத நாளுக்கு ஒரு கோடு.

2022-ம் வருஷம் மே மாதத் தாளில், இத்தனை குறிகளுக்கும் நடுவே, சில தேதிகளைச் சுற்றிச் சிவப்புப் பென்சிலால் வட்டம் போட்டிருந்தது. எண்ணிப் பார்த்தேன், ஏழு. கூடுதலாகப் பால் வாங்கிய நாட்கள் போலிருக்கிறது என்று நினைத்து, பால்காரரிடம் ஏழு பாக்கெட்டுக்குச் சேர்த்துப் பணம் கொடுத்தேன். நல்ல மனிதர். "நான் கூட எதுவும் போடலையேம்மா!" என்று சிரித்துக் கொண்டே திருப்பிக் கொடுத்து விட்டார். அதோடு அந்த விஷயத்தை மறந்து விட்டேன்.

அந்த ஏழு வட்டங்களும் பால் கணக்கு அல்ல, என் நெஞ்சின் கணக்கு என்று அப்போது எனக்குத் தெரியாது.

நான் ஒரு பத்திரிகைக்காரி. ஊரார் கதையை எழுதிப் பிழைப்பவள். சொந்தக் கதையை எழுத எனக்கு எப்போதுமே கூச்சம். ஆனால் இந்தக் கதையில் நான் செய்த தவறை நம் வீட்டுப் பெண்கள் பலரும் தினமும் செய்து கொண்டிருக்கிறார்கள். ஆகவே கூச்சத்தைக் கொஞ்சம் ஒதுக்கி வைத்து விட்டு எழுதுகிறேன்.

* * *

புதுச்சேரி முதலியார்பேட்டையில், கடலூர்ச் சாலையிலிருந்து பிரியும் ஒரு தெருவில் எங்கள் வீடு. என் மாமனார் இருந்தவரையில் ஏ.எஃப்.டி. ஆலையில் நூல் பிரிவில் வேலை செய்தவர். 'ரோடியர் மில்' என்றுதான் அவர் சொல்லுவார். அந்த ஆலை 2020-ல் மூடப்பட்டு விட்டது. மில் சங்கைக் கேட்டுச் சமைத்துப் பழகிய அத்தைக்கு இன்றும் நேரம் பார்க்கக் கடிகாரம் வேண்டியதில்லை. கணக்கு எழுத மட்டும் காலண்டர் வேண்டும்.

2017-ம் வருஷம் ஆடி மாதம். ஒரு வெள்ளிக்கிழமை கோவிலில் குங்குமம் வாங்கினேன். உள்ளங்கையில் அது செங்கல் தூள் போல வெளிறித் தெரிந்தது. "என்ன அத்தை, குங்குமத்தில் கலப்படமா?" என்று கேட்டேன். வலது கண்ணைக் கசக்கிய போதுதான் புரிந்தது. இடது கண்ணுக்குக் குங்குமம் சிவப்பாகத்தான் இருந்தது. வலது கண்ணுக்கு மட்டும் சாயம் போயிருந்தது. கண்ணை அசைத்தால் உள்ளே வலித்தது.

கண் டாக்டர் நரம்பு டாக்டரிடம் அனுப்பினார். நரம்பு டாக்டர் மூளையையும் முதுகுத் தண்டையும் எம்.ஆர்.ஐ. படம் எடுக்கச் சொன்னார். படத்தில் வெள்ளை வெள்ளையாகச் சில திட்டுகள். 'மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ்' என்றார். அப்போது எனக்கு வயது இருபத்தொன்பது.

மின்சாரக் கம்பியின் மேல் ரப்பர் உறை இருக்கிறதல்லவா? நரம்புக்கும் அப்படி ஓர் உறை உண்டு. நோய்க் கிருமிகளை எதிர்க்க வேண்டிய நம் உடலின் காவல் படையே, வீட்டு மனுஷியைத் திருடி என்று எண்ணி அடிப்பது போல, அந்த உறையைக் கடித்து விடுகிறது. கடிபட்ட இடத்தைப் பொறுத்துத் தொந்தரவு வரும். ஒருவருக்குக் கண், ஒருவருக்குக் கால், ஒருவருக்கு விரல் மரத்துப் போதல். உலகம் முழுவதும் 28 லட்சம் பேருக்கு மேல் இந்த நோய் இருக்கிறது. இருபதுக்கும் நாற்பதுக்கும் இடைப்பட்ட வயதில்தான் பெரும்பாலும் தலை காட்டும். ஆண்களைக் காட்டிலும் பெண்களுக்கு இரண்டு மூன்று மடங்கு அதிகம். நம் நாட்டில் ஐரோப்பாவைவிடக் குறைவு. அதனாலேயே பெயரைச் சொன்னால் அண்டை வீட்டாருக்குப் புரிவதில்லை. நமது 2016-ம் வருஷத்து மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் சொல்லும் 21 வகைகளில் இதுவும் ஒன்று என்பது எனக்கே பிற்பாடுதான் தெரிந்தது.

1954 வரை பிரெஞ்சுக்காரர் ஆண்ட ஊரில் வாழ்கிறோமே, இந்த நோய்க்கும் ஒரு பிரெஞ்சுப் பூர்வீகம் இருக்கிறது! இதை ஒரு தனி நோயாக முதன் முதலில் 1868-ல் தெளிவாக விவரித்தவர் பாரிஸ் நகரத்து சால்பெத்ரியேர் ஆஸ்பத்திரியின் பெரிய டாக்டர் ஷான் மார்த்தேன் ஷார்க்கோ.

அவரைப் பற்றி ஒரு கதை உண்டு. அவருடைய மாணவராக இருந்த சிக்மண்ட் ஃப்ராய்ட், 1893-ல் குரு இறந்த போது எழுதிய இரங்கல் கட்டுரையில் சொல்கிறார். ஷார்க்கோவின் வீட்டில் ஒரு வேலைக்காரப் பெண் இருந்தாள். அவளுக்குக் கை நடுக்கம். பாத்திரத்தை எடுத்தால் கீழே போட்டு உடைத்து விடுவாள். அதனால் யாரும் வேலை கொடுக்கவில்லை. ஷார்க்கோ மட்டும் அவளை வைத்துக் கொண்டார். உடைந்த பீங்கான் தட்டுகளுக்கே ஒரு சிறு சொத்து கரைந்ததாம்! அவள் நடுக்கத்துக்கு அந்தக் காலத்தில் தெரிந்திருந்த வேறொரு நோயின் பெயரைத்தான் முதலில் அவர் வைத்திருந்தார். அவள் இறந்த பிறகு பரிசோதித்த போதுதான் நரம்பிலே இந்தத் திட்டுகள் இருப்பது தெரிய வந்தது.

எத்தனை பெரிய மேதை! நோயாளி ஒரே கூரையின் கீழே, வருஷக் கணக்காகத் தட்டு உடைத்துக் கொண்டிருக்கிறாள். அப்போதும் ஒரு நோய் இன்னொரு நோயின் முகமூடியைப் போட்டுக் கொண்டு அவரை ஏமாற்றி விட்டது. பிறகு நானும் ஏமாந்ததில் ஆச்சரியம் என்ன?

* * *

நான் ஏமாந்த விதத்தைச் சொல்கிறேன்.

தெருவில் ஒரு போக்கிரிப் பையன் இருந்தால், யார் வீட்டுக் கண்ணாடி உடைந்தாலும் பழி அவன் மேல்தான் விழும். எங்கள் வீட்டில் இந்த நரம்பு நோய் அப்படிப்பட்ட பையனாகி விட்டது. களைப்பா? நரம்பு. தலை சுற்றலா? நரம்பு. ஞாபக மறதியா? அதுவும் நரம்பு. பாதி சமயம் அது உண்மையாகவும் இருந்தது. அதுதான் வம்பு!

வெயிலையே எடுத்துக் கொள்ளுங்கள். உடம்பின் சூடு அரை டிகிரி ஏறினாலே உறை போன நரம்பில் செய்தி ஓடுவது தடுமாறும். வில்ஹெல்ம் ஊத்தோஃப் என்ற ஜெர்மானியக் கண் டாக்டர் 1890-லேயே இதைக் கவனித்து எழுதியிருக்கிறார். அவர் முதலியார்பேட்டைக்குக் கத்திரி வெயிலில் வந்திருந்தால் இன்னும் நாலு பக்கம் கூடுதலாக எழுதியிருப்பார். சித்திரை, வைகாசியில் அடுப்படியில் பத்து நிமிஷம் நின்றால் எனக்குக் கண் மங்கும், கால் கனக்கும். கழுத்தில் ஈரத் துண்டைப் போட்டுக் கொண்டு மின்விசிறிக்கு அடியில் உட்கார்ந்தால் சரியாகி விடும்.

2022 மார்ச்சில் ஒரு நாள் மதியம். ஸ்கூட்டரில் ரயில்வே கேட்டுக்கு முன்னால் நின்று கொண்டிருந்தேன். திடீரென்று நெஞ்சுக்குள் ஒரு புறா சிறகடித்தது போலப் படபடவென்று அடித்துக் கொண்டது. தொண்டை வரை துடிப்பு. கண் இருட்டியது. ரயில் போய், கேட் திறந்து, பின்னால் நின்றவர்கள் ஹார்ன் அடித்துத் திட்டிய பிறகுதான் வண்டியை ஓரம் கட்டினேன். சட்டென்று, யாரோ சுவிட்சை அணைத்தது போல, துடிப்பு அடங்கி விட்டது.

'வெயில், நரம்பு' என்று எனக்கு நானே வைத்தியம் சொல்லிக் கொண்டு வீட்டுக்கு வந்தேன்.

பிறகு அடிக்கடி வந்தது. குளித்து விட்டு எழுந்தால், கோலம் போடக் குனிந்து நிமிர்ந்தால், சில சமயம் சும்மா படுத்திருக்கும் போதே. இது போதாதென்று வேறொரு தொந்தரவு. இரவில் விலா எலும்பைச் சுற்றி யாரோ கயிற்றைப் போட்டு இறுக்குவது போல இருக்கும். எங்கள் நோய்க்காரர்கள் மத்தியில் இது பிரசித்தம். முதுகுத் தண்டில் உள்ள திட்டினால், விலாவுக்கு இடையே உள்ள தசை இறுகுவதும், இறுகுவது போன்ற உணர்ச்சி தோன்றுவதும் உண்டு. ஆங்கிலத்தில் 'அணைப்பு' என்று செல்லப் பெயர் வைத்திருக்கிறார்கள். அணைப்பாம்! அந்தப் பெயரை வைத்தவரை ஒரு முறை அது அணைத்துப் பார்க்க வேண்டும்.

"ஏம்மா, மறுபடியும் நெஞ்சு அடிச்சுக்குதா? கைய நெஞ்சு மேல வெச்சிருக்கியே!" என்று அத்தை கேட்பார்.

"ஒண்ணுமில்லை அத்தை. நரம்புதான்" என்பேன்.

என் கணவரின் வற்புறுத்தலால் ஏப்ரலில் ஒரு மருத்துவமனைக்குப் போனோம். இ.சி.ஜி. எடுத்தார்கள். அந்த நேரம் பார்த்து நெஞ்சு சாதுவாக இருந்தது. அங்கிருந்த டாக்டர் என் பழைய ஃபைலைப் புரட்டினார். முதல் பக்கத்தில் நோயின் பெயரைப் பார்த்தார். "இது அந்த நரம்பு சமாசாரம்தான் அம்மா. கொஞ்சம் பயமும் சேர்ந்திருக்கு. நன்றாகத் தூங்குங்கள்" என்று அனுப்பி விட்டார். அவரை நான் குறை சொல்ல முடியுமா? நான் ஒரு மாதமாகச் சொல்லிக் கொண்டிருந்ததைத்தானே அவரும் சொன்னார்! பத்து நொடி ஓடும் இ.சி.ஜி. அந்தப் பத்து நொடியில் நடப்பதைத்தான் சொல்லும் என்பதை நாங்கள் இருவருமே யோசிக்கவில்லை.

* * *

ஜூன் மாதம் நரம்பு டாக்டரிடம் போனோம். எனக்கு மீண்டும் ஒரு புதிய திட்டு வந்திருந்ததால் மருந்தை மாற்ற நினைத்தார். ஃபிங்கோலிமாட் என்று ஒரு மாத்திரை. ஊசியே கதி என்றிருந்த இந்த நோய்க்கு வாய் வழியாகக் கொடுக்கும் மருந்தாக 2010-ல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. அதில் ஒரு விசேஷம். முதல் மாத்திரையைச் சாப்பிட்ட சில மணி நேரத்துக்கு இதயத் துடிப்பின் வேகம் குறையும். ஆகவே முதல் நாள் ஆஸ்பத்திரியிலேயே ஆறு மணி நேரம் உட்கார வைத்து, நாடியும் ரத்த அழுத்தமும் பார்த்து, முன்னும் பின்னும் இ.சி.ஜி. எடுத்துத்தான் வீட்டுக்கு அனுப்புவார்கள்.

"நெஞ்சில் படபடப்பு, மயக்கம் ஏதாவது உண்டா?" என்று டாக்டர் கேட்டார்.

இந்த இடத்தில் வாசகிகள் என்னை மன்னிக்க வேண்டும். ஒரு முழு நிமிஷம்கூட யோசிக்காமல், "அப்படி ஒன்றும் இல்லை, டாக்டர்" என்று சொன்னேன். பொய் சொல்ல வேண்டும் என்றல்ல. அந்தப் படபடப்பை நான் 'நெஞ்சு' என்ற கணக்கிலேயே எழுதவில்லை. நரம்புக் கணக்கில் எழுதி மூடி விட்டேன். தவிர, புது மருந்து தள்ளிப் போய் விடுமோ என்ற பயமும் மனசின் மூலையில் இருந்தது.

பின்னால் நாற்காலியில் உட்கார்ந்திருந்த அத்தை எழுந்து வந்தார். கைப்பையிலிருந்து நாலாக மடித்த ஒரு தாளை எடுத்து மேஜை மேல் விரித்தார். மே மாதக் காலண்டர்!

"இருக்குங்க, டாக்டர். போன மாசத்துல மட்டும் ஏழு தடவை. நான் பார்த்தது ஏழு, பார்க்காதது எத்தனையோ. பக்கத்துலயே மணி எழுதியிருக்கேன். மூணாந்தேதி விடிகாலை. ஒன்பதாந்தேதி குளிச்சிட்டு வந்தப்போ. அன்னிக்குச் சுவரைப் பிடிச்சுக்கிட்டு நின்னா."

நம் பத்திரிகைத் தொடர்கதைகளில் மாமியார் காலண்டரைக் கிழித்தால் அதற்கு வேறு அர்த்தம் இருக்கும். அன்று அந்த அறையில் எனக்குக் கண்ணில் நீர் முட்டியது.

டாக்டர் பேனாவை மூடி வைத்தார். "இந்த மாத்திரை இப்போது வேண்டாம். முதலில் இதயத்தைப் பார்ப்போம்" என்றார்.

* * *

இதய டாக்டர் என் உடம்பில் ஹோல்டர் என்ற சிறு கருவியைக் கட்டி விட்டார். தீப்பெட்டி இரண்டை அடுக்கினாற்போல் இருக்கும். மார்பில் ஒட்டிய கம்பிகள் வழியாக இரவு பகலாக ஒவ்வொரு துடிப்பையும் எழுதிக் கொள்ளும். 1940-களின் இறுதியில் நார்மன் ஹோல்டர் என்ற அமெரிக்கர் இதை முதலில் செய்த போது, சுமார் 38 கிலோ எடையுள்ள மூட்டையாக முதுகில் சுமக்க வேண்டியிருந்ததாம். ரேஷன் அரிசி மூட்டையைச் சுமந்து கொண்டு யாருடைய நெஞ்சுதான் படபடக்காது?

இரண்டாவது நாள் விடிகாலை மூன்று மணிக்குப் புறா சிறகடித்தது. கருவி பிடித்து விட்டது. நிமிஷத்துக்கு 178 துடிப்பு. சாதாரணமாக அறுபதிலிருந்து நூறுக்குள் இருக்க வேண்டியது.

இதயமும் மின்சாரத்தில்தான் ஓடுகிறது. சிலருக்கு அதன் மேற்பகுதியில் கூடுதலாக ஒரு குறுக்குப் பாதை இருக்கும். மின்சாரம் அதில் புகுந்து செக்கு மாடு போலச் சுற்ற ஆரம்பித்தால் துடிப்பு தறிகெட்டு ஓடும். எஸ்.வி.டி. என்று பெயர். திடீரென்று தொடங்கித் திடீரென்று நிற்பது அதன் அடையாளம். நரம்பு நோய்க்கும் இந்தக் குறுக்குப் பாதைக்கும் யாதொரு சம்பந்தமும் இல்லை. போக்கிரிப் பையன் அந்தக் கண்ணாடியை உடைக்கவே இல்லை! ரத்தப் பரிசோதனையில் இரும்புச் சத்துக் குறைவும் தெரிந்தது. அதுவும் தன் பங்குக்கு நெஞ்சை விரட்டியிருக்கிறது.

இதய டாக்டர் கொடுத்தது துடிப்பைக் குறைக்கும் பீட்டா பிளாக்கர் மாத்திரை. நரம்பு டாக்டர் கொடுக்க இருந்ததும் முதலில் துடிப்பைக் குறைக்கும் மருந்து. இரண்டும் ஒன்றுக்கொன்று தெரியாமல் ஒரே வயிற்றில் போய்ச் சேர்ந்திருந்தால்? நினைத்தாலே எனக்குக் கை சில்லிடுகிறது. இரண்டு டாக்டர்களும் டெலிபோனில் பேசிக் கொண்டார்கள். நரம்புக்கு, இதயத்தின் வேகத்தைத் தொடாத வேறு மாத்திரை முடிவாயிற்று. அடிக்கடி தொந்தரவு வந்தால், தொடை வழியாக மெல்லிய கம்பியைச் செலுத்தி அந்தக் குறுக்குப் பாதையைச் சுட்டு அடைத்து விடலாம் என்றும் சொல்லியிருக்கிறார்கள். இதுவரை அவசியம் வரவில்லை. படபடப்பு வந்தால் உடனே உட்கார்ந்து, மூச்சை அடக்கி அடிவயிற்றில் முக்க வேண்டும் என்று கற்றுக் கொடுத்திருக்கிறார்கள். பல தடவை அதிலேயே அடங்கி விடுகிறது. டாக்டர் கற்றுத் தந்தவர்கள் மட்டும்தான் இதைச் செய்ய வேண்டும்.

"விலாவை இறுக்குகிறதே, அது நரம்பா இதயமா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?" என்று இதய டாக்டரைக் கேட்டேன்.

"வீட்டில் உட்கார்ந்து கண்டுபிடிக்கவே கூடாது. தீர்ப்புச் சொல்வது எங்கள் வேலை, வந்து சேர்வது உங்கள் வேலை" என்றார். பழகிய இறுக்கமாக இல்லாமல் புதிதாக இருந்தாலோ, தாடை, கை, முதுகுக்குப் பரவினாலோ, மூச்சுத் திணறல், வியர்வை, குமட்டல் சேர்ந்தாலோ, நெஞ்சு வேகம் அடங்காமல் மயக்கம் வந்தாலோ, உடனே 108-ஐ அழைக்கச் சொன்னார். பெண்களுக்கு மாரடைப்பு வரும் போது நெஞ்சு வலியைவிட இந்த உபரித் தொந்தரவுகள் முன்னால் வருவது உண்டாம். எங்கள் நோய் உள்ளவர்களுக்கு இதயமும் ரத்தக் குழாய்களும் கெடும் அபாயம் மற்றவர்களைவிடக் கூடுதல் என்றும், பெண்களிடம் அது அதிகமாகத் தெரிகிறது என்றும் 2020-ல் வெளியான இங்கிலாந்து ஆய்வு ஒன்று சொல்கிறது. ஆகவே 'எல்லாம் நரம்பு' என்று சொல்ல எங்களுக்குத்தான் முதலில் உரிமை இல்லை!

நரம்பு நோயை உலகுக்கு எடுத்துச் சொன்ன ஷார்க்கோ எப்படி இறந்தார் தெரியுமா? கடைசி வருஷங்களில் அவருக்கு நெஞ்சு வலி உண்டு. 1893 ஆகஸ்டில் விடுமுறைக்குப் போன இடத்தில், நுரையீரலில் நீர் கோத்து இறந்து போனார். வயது 67.

* * *

இப்போது என் கைப்பையில் ஒரு தாள் இருக்கிறது. நான் சாப்பிடும் மருந்துகள் எல்லாம், இரும்பு மாத்திரை உள்பட, அதில் வரிசையாக எழுதியிருக்கிறது. எந்த டாக்டரிடம் போனாலும் முதலில் அதைத்தான் நீட்டுகிறேன். 'இது நரம்புதான்' என்று நான் சொல்லுவதில்லை. 'இத்தனை மணிக்கு, இன்ன செய்த போது, இத்தனை நிமிஷம்' என்று மட்டும் சொல்லுகிறேன். பத்திரிகைத் தொழிலில் பத்து வருஷமாகச் சொல்லிக் கொடுத்த பாடம்: நடந்ததை எழுது, தீர்ப்பை எழுதாதே. அலுவலகத்தில் கற்றதை வீட்டில் கடைப்பிடிக்க எனக்கு ஒரு மாமியார் வேண்டியிருந்தது.

போன வாரம் ஒரு நாள் மாலை. அத்தை மாடியில் காய்ந்த துணிகளை எடுத்துக் கொண்டு இறங்கி வந்தார். பாதிப் படியில் நின்று, கைப்பிடிச் சுவரைப் பிடித்துக் கொண்டு மூச்சு வாங்கினார்.

"என்ன அத்தை?" என்றேன்.

"ஒண்ணுமில்லம்மா. வயசாயிடுச்சில்ல, அதான்" என்றார்.

நான் பதில் பேசவில்லை. சமையல் அறைக்குள் போனேன். பென்சில் ஆணியில்தான் தொங்கிக் கொண்டிருந்தது. அன்றைய தேதியைச் சுற்றி ஒரு வட்டம் போட்டேன். பக்கத்தில் மணியை எழுதினேன்: மாலை 5.20, மாடிப்படி.

அத்தை வாசலில் நின்று பார்த்துக் கொண்டிருந்தார். தம் ராஜ்யத்தில் கை வைத்ததற்குக் கோபித்துக் கொள்வார் என்று நினைத்தேன். அவர் துணிகளை மேஜை மேல் வைத்து விட்டு, "நேத்து காலையிலும் ஒரு தடவை வந்துச்சும்மா. அதையும் போட்டுடு" என்றார்.

நாளை மறுநாள் அத்தைக்கு இதய டாக்டரிடம் நேரம் வாங்கியிருக்கிறேன். காலண்டர் தாளையும் எடுத்துக் கொண்டு போகிறோம்.